நிஜ மனிதராக நடிக்கும்போது சறுக்கும் இடங்கள்

நிஜத்தில் வாழ்ந்த ஒருவராக நடிக்கப்போகும் நடிகர் முதலில் தேடுவது அவருடைய பழைய வீடியோக்களை. தவறும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கிடைக்கும் பதிவுகளில் அந்த மனிதர் மேடையில் பேசுவார், இல்லையென்றால் பேட்டி கொடுப்பார். எதிரே கேமரா இருப்பது தெரிந்து, தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு நிற்பார். அந்த மேடைக் குரலை மனப்பாடம் செய்துகொண்டு, வீட்டில் தண்ணீர் கேட்கும் காட்சியிலும் அதே குரலில் பேசினால் மிஞ்சுவது மிமிக்ரி.

கதாபாத்திரமே ஒரு நடிகை என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். நடிகை சாவித்திரியின் கதையாக 2018-ல் வந்த ‘நடிகையர் திலகம்’ படத்தில் கீர்த்தி சுரேஷ், சாவித்திரி நடித்த ‘மாயாபஜார்’ படக் காட்சியை அச்சு அசலாகத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. திரைக்கு வெளியே இருந்த சாவித்திரியைத் தனியாக உருவாக்கவும் வேண்டியிருந்தது. முதலாவதன் முகபாவங்கள் இரண்டாவதற்குள் கசிந்திருந்தால் படமே கெட்டிருக்கும்.

எனவே பதிவுகளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று, அவர் பேசும் பகுதிகள். மற்றது, கேள்வி தொடங்குமுன் நாற்காலியைச் சரிசெய்வது, பிறர் பேசும்போது காத்திருப்பது, கூட்டத்தில் நடந்துபோவது. இரண்டாவது தொகுப்பு சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் அதிகம் உதவுவது அதுதான். ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். இன்னொருமுறை படத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள். அதிலிருந்து மூன்று, நான்கு பழக்கங்களை மட்டும் எடுத்தால் போதும். ஒவ்வொன்றும் எப்போது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் தெரியாதபோது மட்டும் கண்ணாடியைத் தொடும் ஒருவரைக் காட்சிக்குக் காட்சி தொடவைத்தால், பார்ப்பவர்கள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

பழைய பதிவுகளை அப்படியே நம்புவதும் ஆபத்து. மௌனப்படக் காலத்து கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16, 18 பிரேம் என்று எடுத்ததை 24-ல் ஓட்டும்போது எல்லோரும் வெடுக்வெடுக்கென்று நடப்பதுபோலத் தெரியும். அதைப் பார்த்து நடை பழகக் கூடாது. 1925 வாக்கில் மைக்ரோபோன் வருவதற்குமுன் கூம்பு வழியாகப் பதிவு செய்த இசைத்தட்டுகளில் குரலின் அடிப்பகுதி விழவே இல்லை. கட்டைக்குரல்கூட அதில் மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல ஒலிக்கும். புகைப்படங்களிலும் வம்பு உண்டு. தகட்டில் நேரடியாக விழுந்த பழைய படங்கள் இடவலம் மாறியிருக்கும். அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி த கிட்டை வெகுகாலம் இடக்கைக்காரன் என்று நம்பியதற்கு அப்படி ஒரு படம்தான் காரணம். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

பதிவே இல்லாதவர்கள் விஷயத்தில் நடிகர் தன் கற்பனையை நம்பிவிடுகிறார். ஆபிரகாம் லிங்கன் இறந்தது 1865-ல். குரலைப் பதிவுசெய்யும் எடிசனின் போனோகிராப் கருவி வந்தது 1877-ல். அவ்வளவு உயரமான தலைவருக்குக் கம்பீரமான கட்டைக்குரல் இருந்திருக்கும் என்றே எல்லோரும் நினைப்பார்கள். நேரில் கேட்டவர்களோ அது உச்சஸ்தாயியில், சற்றுக் கீச்சென்று இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். 2012-ல் வந்த ‘லிங்கன்’ படத்தில் டேனியல் டே லூயிஸ் எடுத்துக்கொண்டது அந்தக் குரலைத்தான். சமகாலத்தவரின் கடிதங்களையும் நினைவுக்குறிப்புகளையும் தேடாமல் குரலை முடிவுசெய்வது சோம்பேறித்தனம்.

ஒப்பனையில் அடிக்கடி நடக்கும் தவறு, முகம் முழுவதையும் மூடுவது. முகத்தில் ஒட்டும் சிலிகான் துண்டு (புரோஸ்தெடிக்) தடித்துவிட்டால் அடியிலுள்ள தசையின் அசைவு மேலே வராது. நடிகர் இரட்டிப்பாக முகத்தை அசைப்பார், அப்போதும் பொம்மைபோலத்தான் தெரியும். கண்ணையும் உதட்டையும் கூடியவரை விட்டுவிட்டு, முன்நெற்றி முடிக்கோடு, மூக்கு, கழுத்து ஆகியவற்றை மாற்றுவது நல்லது. முழுப் புரோஸ்தெடிக் தவிர்க்க முடியாததென்றால், படப்பிடிப்பு நாளில் முதல்முறையாக அதைப் போடாதீர்கள். பல நாள் முன்பே போட்டு, அதே லென்ஸ், அதே வெளிச்சத்தில் சோதித்து, எந்த முகபாவம் வெளியே வருகிறது, எது வரவில்லை என்று பார்க்க வேண்டும். பொய்ப்பல் இன்னும் மோசம்: ச, ஸ, ஷ எல்லாம் குழறும். வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்துப் பழகுவதைத் தவிர வழியில்லை.

பருமனுக்குப் பஞ்சு வைத்துக் கட்டுவார்கள். பஞ்சுக்கு எடை கிடையாது என்பதால், ஒல்லியானவரின் கால்களே நடந்துபோகும். ஒத்திகையிலிருந்தே உள்ளே எடை வைத்துத் தையுங்கள். நாற்காலியிலிருந்து எழுவதும் படியேறுவதும் தானாக மாறும். 1980-ல் வந்த ‘ரேஜிங் புல்’ படத்துக்காக ராபர்ட் டி நீரோ ஏறக்குறைய 27 கிலோ கூடியபோது மூச்சுவிடும் ஓசையே மாறிப்போனது. அதற்காக எல்லோரும் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. மூச்சையும் நடிக்க வேண்டும் என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

நோய், முதுமை, குடி என்று ஆள் மாறிக்கொண்டே போகும் கதையில் ஷெட்யூல்தான் எதிரி. படம் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. காலையில் 60 வயது, மதியம் 25 வயது. அன்றன்றைய மனநிலையை நம்பினால், முற்றிய கட்டத்தில் சரியாக அசையும் கை அதற்கு முந்தைய காட்சியில் விறைத்திருக்கும். நரம்பு நோயால் மெல்ல உடல் முடங்கிய விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்காக நடித்த எடி ரெட்மெய்ன் எந்தக் காட்சியில் எந்தத் தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அட்டவணை போட்டு வைத்துக்கொண்டார். காட்சி எண், ஆண்டு, நடை, கை, பேச்சு, மூச்சு என்று ஆறு கட்டங்கள் போட்டால் போதும். ஒரு நகலை உதவி இயக்குநரிடம் கொடுத்துவிடுங்கள்.

பாடகராக நடிப்பவர் ஒலிக்கு வெறுமனே வாயசைத்தால் தொண்டை நரம்பும் விலாவும் அசையாது. பின்னால் வேறு குரல் சேர்க்கப்போவதாக இருந்தாலும் செட்டில் முழுக்குரலில் பாட வேண்டும்.

கடைசியாக, குடும்பத்தார். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் புகழுரைதான் கிடைக்கும். கோபம் வந்தால் எழுந்துபோவாரா, உட்கார்ந்தே இருப்பாரா? செருப்பை எங்கே கழற்றுவார்? போனை எந்தக் காதில் வைப்பார்? இப்படிக் கேளுங்கள். சோதனைக் காட்சியைப் போட்டுக் காட்டும்போதும், நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், எந்த இடத்தில் அவராகத் தெரியவில்லை என்று கேளுங்கள்.