கடிகாரச் சிப்பும் குறைத்திறன் பஸ் கன்ட்ரோலரும்: டிரைவர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடிகாரச் சிப்பைக் கணினியோடு இணைக்கும் இருகம்பித் தொடர்புமுறை (பஸ்) ஐ2சி; அதன் கட்டுப்பாடுகள் மிகுந்த வடிவம் எஸ்எம்பஸ். முழு ஐ2சி கன்ட்ரோலரால் எஸ்எம்பஸ் பரிமாற்றங்களையும் செய்ய இயலும். எஸ்எம்பஸ் மட்டுமே அறிந்த கன்ட்ரோலரால் ஐ2சி-யின் எல்லாப் பரிமாற்றங்களையும் செய்ய இயலாது. இதைக் கருதாமல், முழு ஐ2சி இல்லையென்றால் தொடங்கவே மறுக்கும்படி கடிகார டிரைவரை (சிப்பை இயக்கும் மென்பொருளை) எழுதுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கன்ட்ரோலர் எவற்றை ஆதரிக்கிறது என்று கேட்டறிந்து, அதற்கேற்ற வழியை டிரைவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எஸ்எம்பஸ் மட்டும் உள்ள இடத்தில் ஒவ்வொரு பைட்டாகப் படிக்க நேரலாம். அப்படிப் பைட் பைட்டாகப் படித்தால் வேகம் மட்டும்தான் குறையும் என்று எண்ணிவிடுவது இதைவிட ஆபத்தானது. டிஎஸ்1307 என்ற கடிகாரச் சிப், பரிமாற்றம் தொடங்கும் கணத்தில் நேரத்தைத் தனி ரெஜிஸ்டர்களில் (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடங்களில்) பிரதியெடுத்து வைத்துக்கொள்வதால், 7 ரெஜிஸ்டர்களையும் ஒரே பரிமாற்றத்தில் படித்தால் அவை ஒரே கணத்துக்கு உரியவையாக இருக்கும். தனித்தனியாகப் படித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 10:59:59 மணிக்கு வினாடியை 59 என்று படித்த மறுகணம் கடிகாரம் நகர்ந்தால், நிமிடம் 00 என்றும் மணி 11 என்றும் வந்து, 11:00:59 என்ற நேரம் கிடைக்கும். 100 கிலோஹெர்ட்ஸ் பஸ்ஸில் ஒரு பைட்டைப் படிக்கச் சுமார் 0.4 மில்லிவினாடி ஆவதால், ஏதோ ஒரு கணத்தில் படிக்கும்போது வினாடிக்கும் நிமிடத்துக்கும் இடையே இப்பிழை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை லட்சத்தில் ஒன்று; மேசைச் சோதனையில் அது அகப்படாது. லினக்ஸின் டிஎஸ்1307 டிரைவர் ஒரு காலத்தில், அடுத்தடுத்த இரு வாசிப்புகள் ஒத்துப்போகும் வரை, 10 முறைக்கு மிகாமல் திரும்பப் படித்து இதைச் சமாளித்தது. வினாடியை மட்டும் இறுதியில் மறுபடி படித்து, மாறியிருந்தால் அனைத்தையும் மீண்டும் படிப்பதும் போதுமானது.

எழுதும்போது வரிசை முக்கியம். இச்சிப்பில் வினாடி ரெஜிஸ்டரை எழுதியதும் ஒரு வினாடியை அளக்கும் உள் எண்ணி மறுதொடக்கம் பெறுவதால், அதை முதலில் எழுதினால் மற்றவற்றை எழுத ஏறக்குறைய ஒரு முழு வினாடி கிடைக்கும். கடைசியில் எழுதினால், பழைய வினாடி 59-ஐத் தாண்டி, நாம் அப்போதுதான் எழுதிய நிமிடத்தைக் கூட்டிவிடலாம்.

பல பைட்டுகளை ஒருசேரப் படிக்கும் எஸ்எம்பஸ் பிளாக் வாசிப்பையும் ஐ2சி பிளாக் வாசிப்பையும் ஒன்றெனக் கொள்வது இன்னொரு தவறு. முன்னதில் முதல் பைட் நீளத்தைக் குறிக்கும். கடிகாரமோ நீளம் எதையும் அனுப்புவதில்லை, ஆகவே வினாடியின் மதிப்பே நீளமாகக் கொள்ளப்படும். பின்னதிலும் லினக்ஸில் உச்சவரம்பு 32 பைட். டிஎஸ்1307-இன் 56 பைட் நினைவகத்தைப் பகுத்தே படிக்க வேண்டும்.

ஒரு சிப்புக்குப் பொருந்தும் வழி அடுத்ததற்குப் பொருந்தும் என்பதும் இல்லை. ஆர்எஸ்5சி372 என்ற இன்னொரு கடிகாரச் சிப், ரெஜிஸ்டர் எண்ணை முகவரி பைட்டின் மேல் 4 பிட்டுகளில் எதிர்பார்க்கிறது. முகவரி அனுப்பாமலே படிக்கும் வழியும் அதற்கு உண்டென்றாலும், எஸ்எம்பஸ் மட்டும் உள்ள இடத்தில் அது உதவாது.

சோதிக்கும்போது கடிகாரத்தை டிசம்பர் 31, 23:59:58 என்று வைத்து, இடைவிடாமல் படித்துக்கொண்டே இருங்கள். எல்லாப் புலங்களும் ஒரே நொடியில் மாறுவதால், முன்பு ஒன்றரை லட்சத்தில் ஒளிந்திருந்த பிழை அநேகமாக முதல் முயற்சியிலேயே அகப்பட்டுவிடும்.