ஒரு வீடு, ஒரு ராத்திரி, ஒரு ட்ரௌகர்

நார்ஸ் புராணத்தை, அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் புராணத்தை வைத்துச் சின்ன பட்ஜெட்டில் பேய்ப்படம் எடுக்க நினைத்தால், மனசு முதலில் ஃபென்ரிர் பக்கம்தான் போகும். தேவர்களே கட்டிப்போடத் திணறிய ஓநாய், ஆசை வராமல் இருக்குமா? நானும் அதில்தான் ஆரம்பித்தேன். மூன்று மாதம் செயற்கை ரோமத்தை வெட்டித் தைத்தேன். கேமரா முன்னால் நிறுத்தியதும் முழங்கால் காட்டிக்கொடுத்துவிட்டது. ஓநாயின் பின்னங்கால் மடங்குவதே வேறு மாதிரி; ஆள் உள்ளே இருந்தால் அது வராது. அந்தப் படம் பாதியில் நின்றது.

அதனால் ஓநாய், உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு, மலையளவு அரக்கர் எதுவும் வேண்டாம். ட்ரௌகரை எடுங்கள்.

ட்ரௌகர் ஐஸ்லாந்தின் பழைய சாகாக் கதைகளில் வருகிறவன். செத்தும் அடங்காதவன். காற்றில் மிதக்கும் ஆவி கிடையாது. சொந்த உடம்போடு, உயிரோடு இருந்ததைவிடப் பெருத்து, கனத்து, தோல் கருநீலமாகி வருவான். அதாவது, உயரமான ஒரு நடிகர் போதும்.

திரைக்கதைக்கு, கிரெட்டிர் என்ற வீரனின் கதையான கிரெட்டிர் சாகாவில், கிளாம் என்ற ட்ரௌகர் வரும் ராத்திரியைப் படியுங்கள். கிரெட்டிர் ஒரு முரட்டுப் போர்வைக்குள் படுத்திருக்கிறான். முதலில் கூரைமேல் ஏறி மிதிக்கும் சத்தம், உத்தரமெல்லாம் நெரிகிறது. அப்புறம் கதவு திறந்து ஒரு தலை நீள்கிறது. உள்ளே வந்தவன் போர்வையைப் பிடித்து இழுக்கிறான், கிரெட்டிர் விடவில்லை. மூன்றாவது இழுப்பில் போர்வை இரண்டாகக் கிழிகிறது. கையில் இருக்கும் கிழிசலை கிளாம் வியப்போடு பார்க்கிறான். அந்தப் பார்வை எனக்கு உயிர். அரக்கன் யோசிக்கிறான் என்று தெரிந்த அந்த நொடியில்தான் பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும். தயவுசெய்து அந்த ஷாட்டை வெட்டாதீர்கள்.

கூரைச் சத்தத்துக்கு ஒரு முழு நிமிடம் கொடுங்கள். கிளாமைக் காட்டவே வேண்டாம். பழைய மரப்பலகைமேல் மணல்மூட்டையைப் போட்டுப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்தால் கனம் வந்துவிடும்.

அவன் பெரியவனாகத் தெரிய நிலைக்கதவைக் குறுக்குங்கள். மேலே ஒரு பிளைவுட் பலகை அடித்து 5 அடிக்குக் கொண்டுவந்து, கேமராவை இடுப்புக்குக் கீழே வைத்தால், குனிந்து நுழையும் 6 அடி ஆள் நிமிரும்போது அறையே சின்னதாகிவிடும்.

இனி கண்கள். சண்டை வாசலுக்கு வெளியே உருண்டு விழும்போது மேகம் விலகி, நிலா வெளிச்சத்தில் கிளாமின் கண் உருள்கிறது. தன் வாழ்நாளில் கிரெட்டிர் பயந்துபோன ஒரே காட்சி அதுதான். அந்தக் கண் இனி உன்னை விட்டு விலகாது என்று கிளாம் சாபமும் போடுகிறான். அதற்குப் பிறகு கிரெட்டிருக்கு இருட்டில் தனியாக இருக்க முடிவதில்லை. இதற்கு சிஜி (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) தேவையில்லை. சாலைப் பலகைகளில் ஒட்டும் ஒளி திருப்பும் டேப்பைக் கடுகளவு வெட்டி முகமூடியின் கண்ணில் ஒட்டுங்கள். ஒரு சின்ன டார்ச்சை லென்ஸுக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போலக் கட்டுங்கள். டேப் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதனால் டார்ச் நாலு விரல் தள்ளிப் போனாலே கண் மங்கிவிடும். இரண்டு கண்ணையும் ஒரே அளவில் வெட்டாதீர்கள். பொம்மை மாதிரி இருக்கும்.

மேக்கப்புக்குத் திரவ லேட்டெக்ஸும் டிஷ்யூ தாளும் போதும். முந்தின நாளே நடிகரின் கையில் தடவி ஒவ்வாமை பாருங்கள், புருவத்தில் வாஸ்லின் பூசுங்கள். நீலத்தை முகம் முழுக்க அப்ப வேண்டாம். அடிநிறம் சாம்பல், காதுமடல், உதடு, நகக்கண்ணில் மட்டும் கருநீலம். மேலே கிளிசரின்.

கொம்பு வைத்த ஹெல்மெட் யாருக்கும் வேண்டாம். பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் அதைப் போட்டதற்குச் சான்று இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஓபரா மேடையில் பிரபலமான உடுப்பு அது.

சண்டைக்கு ஆள் இல்லையென்றால் எய்ர்பிக்யா சாகாவில் இன்னொரு வழி இருக்கிறது. கடலில் மூழ்கிச் செத்தவர்கள் தங்கள் ஈமவிருந்துக்கே சொட்டச் சொட்ட வந்து நெருப்பைச் சுற்றி உட்காருகிறார்கள். கடைசியில் உயிரோடு இருப்பவர்கள் வீட்டுவாசலில் நீதிமன்றம் கூட்டி, செத்தவர்களை ஒவ்வொருவராகத் தீர்ப்புச் சொல்லி வெளியேற்றுகிறார்கள். தீர்ப்பைக் கேட்டவன் எழுந்து போகட்டும். கேமரா அவன் பின்னால் போகாமல், பெஞ்சில் அவன் விட்டுப்போன ஈரத்திலேயே நிற்கட்டும்.