'ஃபெண்ட்': தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் வினைச்சொல்

ஆங்கில அகராதியில் 'ஃபெண்ட்' என்ற வினையைத் தேடினால் 'தடுத்து விலக்கு' என்று ஒரு பொருளும், 'தன்னைத் தானே கவனித்துக்கொள்' என்று இன்னொரு பொருளும் இருக்கும். இரண்டுக்கும் என்ன உறவு? ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: பிறப்பு

'காப்பாற்று' என்று பொருள்படும் 'டிஃபெண்ட்' தெரியும் அல்லவா? அதன் தலையைக் கிள்ளியதுதான் 'ஃபெண்ட்'. மூலம் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து, 1300 வாக்கிலேயே ஆங்கிலத்தில் இப்படிச் சுருங்கிவிட்டது. வேலியைக் குறிக்கும் 'ஃபென்ஸ்' கூட 'டிஃபென்ஸ்' தலையிழந்து நிற்பதுதான். படகு துறையில் மோதாமலிருக்கப் பக்கவாட்டில் பழைய டயர் கட்டித் தொங்கவிடுவார்களே, அதற்கு 'ஃபெண்டர்' என்று பெயர். இடியைத் தான் வாங்கிக்கொள்ளும் அந்த டயரை நினைவில் வைத்தால் சொல் மறக்காது.

படி 2: ஒட்டிவரும் சொல்

'ஆஃப்' வந்தால் விரட்டுவது. 'ஷி ஃபெண்டட் ஆஃப் தி டாக்ஸ்': நாய்களை அண்டவிடாமல் விரட்டினாள். சங்கடமான கேள்விகளையும் இப்படி விலக்கலாம்.

'ஃபார்' வந்தால் தன்னைப் பார்த்துக்கொள்வது. இந்த வழக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்தது. தன்னைத் தானே காத்துக்கொள்வது என்பதிலிருந்து சோறு, துணி, பிழைப்பு எல்லாவற்றுக்கும் விரிந்துவிட்டது.

படி 3: 'செல்ஃப்' சேர்ப்பது

ஆளுக்கேற்ப மாற்றுங்கள்: ஐ என்றால் மைசெல்ஃப், ஹி என்றால் ஹிம்செல்ஃப், வி என்றால் அவர்செல்வ்ஸ், தே என்றால் தெம்செல்வ்ஸ். இதில் பெரிய சூட்சுமம் இல்லை.

படி 4: தொனி

பலரும் சறுக்கும் இடம் இதுதான். தமிழில் 'சொந்தக் காலில் நிற்கிறான்' என்றால் பாராட்டு. 'ஃபெண்ட் ஃபார் ஹிம்செல்ஃப்' என்பதில் பெரும்பாலும் ஒரு வெறுமை இருக்கும்: பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. 'உன் பாட்டை நீயே பார்த்துக்கொள்' என்று கைவிட்ட மாதிரி. அதனால்தான் 'லெஃப்ட் டு' என்ற தொடர் முன்னால் அடிக்கடி வரும். கடலாமை மணலில் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பொரிந்து வரும் குஞ்சுகள் 'ஆர் லெஃப்ட் டு ஃபெண்ட் ஃபார் தெம்செல்வ்ஸ்'. கச்சிதமான பொருத்தம். வேலைக்கான விண்ணப்பத்தில் உங்கள் திறமையைச் சொல்ல இதை எழுதாதீர்கள், படிப்பவர் பாவப்பட்டுவிடுவார். அங்கே 'இண்டிபெண்டன்ட்லி' போதும்.

படி 5: நீங்களே ஒன்று

இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: "அம்மா ஊருக்குப் போயிருக்கிறார், இந்த வாரம் சாப்பாட்டுக்கு நாங்களே வழி பார்த்துக்கொள்ள வேண்டும்."

விடை: 'அம்மா இஸ் அவே, ஸோ வி ஹாவ் டு ஃபெண்ட் ஃபார் அவர்செல்வ்ஸ் திஸ் வீக்.' 'அவர்செல்ஃப்' என்று எழுதியிருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.