பீப்பாய் தானாகப் பாடாது: ஸ்டீல்பேனில் கைவைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டீல்பேன் என்பது இரும்புப் பீப்பாயின் முகத்தைக் குழித்து, குச்சியால் தட்டிச் சுரம் எழுப்பும் வாத்தியம். அதை வாங்கியவர், வாங்கப் போகிறவர், பழைய இரும்புக் கடையில் பீப்பாய் விலை விசாரித்து ‘நாமே செய்தால் என்ன’ என்று கிளம்பியவர், மூவரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதை இன்னமும் பீப்பாயாகவே பார்க்கிறார்கள். பீப்பாய் என்பது அதன் பூர்வாசிரமம், அவ்வளவுதான். லண்டனில் ஒரு கரீபியன் குழுவோடு சில வருடங்களாக வாசித்துவரும் நானும் அப்படிச் சறுக்கியவன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் பெயர். வெளியுலகம் ‘ஸ்டீல் டிரம்’ என்று சொல்லும். அது பிறந்த கரீபியன் தீவான டிரினிடாட்டில் ‘பேன்’. குழு கூடி வாசிக்கும் இடம் பேன்யார்டு. சுரம் சேர்ப்பவர் டியூனர். தமிழில் ‘பேன்’ என்று தனியாக எழுதினால் தலை அரிக்கும், ‘பான்’ என்றால் பெட்டிக்கடை நினைவு வரும். அதனால் ஒட்டியே எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமில் கண்ணை மூடிக்கொண்டு மடியில் வைத்து விரலால் தட்டுகிறார்களே, அது ஹேண்ட்பேன். அதற்கு மூலமான ‘ஹாங்’ 2000-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவானது. ஸ்டீல்பேனின் பேத்தி என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பெரும்பாலும் எட்டு, ஒன்பது சுரங்கள்தான். உயர்ந்த சுரங்களுக்கான டெனர் ஸ்டீல்பேனில் ஏறக்குறைய 28 சுரங்கள், ஸ்தாயிக்குப் பன்னிரண்டு வீதம். ஒன்றை நினைத்து மற்றதை வாங்கிவிடாதீர்கள்.

அடுத்து, ‘யாரோ குப்பைத் தொட்டியைத் தட்டினான், வாத்தியம் பிறந்துவிட்டது’ என்ற கதை. கேட்க நன்றாக இருக்கும், நம்ப வேண்டாம். 1880-களில் டிரினிடாட்டின் ஆங்கில ஆட்சி கார்னிவல் திருவிழா ஊர்வலங்களில் தோல் மேளத்தை ஒடுக்கியது. மக்கள் மூங்கிலைத் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1930-களில் அந்த மூங்கிலோடு பிஸ்கட் டின்னும் பெயின்ட் டின்னும் சேர்ந்தன. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு தெருக்காரர் வின்ஸ்டன் ‘ஸ்ப்ரீ’ சைமன்தான் முதலில் செய்தவர் என்பார், இன்னொரு தெருக்காரர் எல்லி மானெட் என்பார். ஒரே ஒரு தகப்பனைத் தேடுவதுதான் இங்கே தவறு.

ஆனாலும் ஒரு ஆயுளை முழுதாக இதற்கே கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு மானெட்தான் உதாரணம். பிறப்பு 1927, தொழிலால் இயந்திரப் பட்டறைக்காரர். அவருடைய இன்வேடர்ஸ் குழுவின் யார்டு குயின்ஸ் பார்க் ஓவல் மைதானத்துக்கு எதிரே. ஆமாம், 1976-ல் இந்தியா 403 ரன்னைத் துரத்திப் பிடித்த அதே ஓவல். அதுவரை டின்னின் முகத்தை வெளிப்புறமாகப் புடைக்கவைத்தார்கள். அவர் உள்ளே குழிக்கும் வழிக்குப் போனார். 1946-ல் 55 கேலன் எண்ணெய்ப் பீப்பாயை எடுத்தார். குச்சி முனையில் ரப்பர் சுற்றியதிலும் அவர் பெயர்தான் முன்னால் வரும். 1951-ல் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு டிரினிடாட் அனுப்பிய ‘டாஸ்போ’ என்ற ஸ்டீல்பேன் குழுவில் அவரும் இருந்தார். 1967-ல் அமெரிக்கா போனவர், பிற்பாடு மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இளையவர்களுக்குச் சுத்தியல் பிடிக்கவும் காது கொடுக்கவும் கற்றுத்தந்தார். 2018-ல், 90 வயதில் மறைந்தார்.

அவர் வழியில் பட்டறை போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பெட்ரோல், தின்னர், ரசாயனம் இருந்த பீப்பாயை வெட்டவோ நெருப்பில் காட்டவோ கூடாது. காலியான பீப்பாயில் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். புதிய, சுத்தமான பீப்பாயை எடுங்கள். மூடித் துவாரம் இருக்கும் முகம் உதவாது. அடிப்பக்கம்தான் வாத்தியத்தின் முகம்.

சம்மட்டியால் குழிப்பதில் அவசரம் காட்டுபவர்கள்தான் அதிகம். டெனருக்கு எட்டு அங்குல ஆழம்வரை தகடு இழுபட வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் கிழியும். விளிம்பிலிருந்து வட்டம் வட்டமாக இறங்கினால் தகடு நடுவை நோக்கிச் சீராக மெலியும். அந்த மெல்லிய நடுவில்தான் உச்ச சுரங்கள் உட்காரும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனி ‘வீடு’ பிரித்து எல்லைக்கோடு போடும் ஆணியின் முனையை மழுக்கிக்கொள்ள வேண்டும். கூராக விட்டால் கோடு கீறலாகி, கீறல் வெடிப்பாகும். நெருப்பு காட்டுவது தகட்டுக்குள் ஏறிய இறுக்கத்தைத் தணித்து அதை உறுதிப்படுத்தத்தான். நீலம் பூத்ததும் இறக்கிவிட வேண்டும். சிவக்கவிட்டால் இரும்பு இளகும், சுரம் நிற்காது.

சுரங்களை ஹார்மோனியம்போல் வரிசையாக அடுக்க நினைப்பதும் தவறு. டெனரின் வெளிவட்டத்தில் ஏதாவது ஒன்றை ‘ச’ என்று வைத்தால், ஒரு பக்கத்து வீடு அதன் ‘ப’, மறுபக்கம் சுத்த ‘ம’. மேல் ‘ச’ அதற்கு நேர் உள்ளே. டிரினிடாட் டியூனர் டோனி வில்லியம்ஸ் வகுத்த ஒழுங்கு இது. ஒரே தகடு என்பதால் ஒன்றைத் தட்டினால் அக்கம்பக்கமும் அதிரும். பொருந்தும் சுரங்கள் பக்கத்தில் இருந்தால் அந்த அதிர்வு இனிமையாகிவிடும்.

இப்போது என் கதை. ஒரு சுரம் லேசாக இறங்கியிருந்தது. போனில் டியூனர் ஆப் இருக்கிறது, கையில் ரப்பர் சுத்தியல் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? கீழிருந்து தட்டினேன், மேலிருந்து தட்டினேன். அரைமணியில் திரையில் முள் நடுவில் நின்றது. வாசித்தால் சாம்பார் வாளியைத் தட்டியதுபோல் இருந்தது.

சரிசெய்ய வந்த டியூனர், என் போன் ஆப்பைப் பார்க்கவே இல்லை. அந்தச் சுரத்தின் ஒரு ஓரத்தில் விரல் நுனியை ஒற்றிவைத்து, குச்சியால் மெல்லத் தொட்டார். அடிச்சுரம் அடங்கி மேலே ஒரு மெல்லிய ஒலி மட்டும் எழுந்தது. விரலை வேறு ஓரத்துக்கு மாற்றினார், வேறொரு ஒலி. ஒவ்வொரு சுரவீட்டுக்குள்ளும் அடிச்சுரமும், அதன் மேல் ஸ்தாயியும், அதற்கும் மேலே இன்னொரு மேற்சுரமும் சேர்ந்து பொருந்த வேண்டும். 1950-களில் டிரினிடாட் டியூனர் பெர்டி மார்ஷல் இதைப் பிடித்த பிறகுதான் ஸ்டீல்பேனின் குரலே மாறியது. மிருதங்க வலந்தலையின் நடுவே இருக்கும் கறுப்புப் பூச்சான ‘சோறு’ மேற்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருவதை சி.வி. ராமன் விளக்கியிருக்கிறார் அல்லவா, அந்த வேலையை இங்கே சுத்தியல் செய்கிறது. என் முள் அடிச்சுரத்தை மட்டும் பார்த்தது. மேலே இருந்த இரண்டையும் நான் கெடுத்திருந்தேன். பக்கத்து வீடுகள் இரண்டும் கூடவே நகர்ந்திருந்தன. ஒன்றைச் சரிசெய்ய மூன்றுக்குக் கூலி கொடுத்தேன்.

வாசிப்பில் பெரிய தவறு பலத்தைக் காட்டுவது. ஓங்கி அடித்தால் சத்தம் கூடுவதைவிடச் சுரம் கலைவதுதான் அதிகம். டிரினிடாட்டில் 1963 முதல் நடக்கும் பனோரமா போட்டியில் ஒரு பெரிய குழுவில் 120 பேர் வரை நிற்பார்கள். அந்த இடிமுழக்கம் தலையெண்ணிக்கையால் வருவது. ஒவ்வொருவர் மணிக்கட்டும் தளர்வாகத்தான் இருக்கும். குச்சி முனை பட்டதும் எழும்பிவிட வேண்டும், அங்கேயே அழுத்தினால் ஒலி செத்துவிடும். தவறான குச்சியை எடுப்பதும் உண்டு: டெனர் குச்சியால், தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் ஸ்டீல்பேனைத் தட்டினால் அடிநாதம் வராமல் மேலொலி மட்டும் கிணுங்கும், பேஸின் ரப்பர் பந்தை டெனரில் வைத்தால் ஊமையாகிவிடும்.

பராமரிப்புக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈரத்தைத் துடையுங்கள், குழிக்குள் எதையும் போட்டுவைக்காதீர்கள், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள், வெயிலில் நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் அது ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், பார்க்க அழகாக இருந்தது. டியூனர் வந்ததும் முதல் வேலையாக அதை மாடிப்படிக்குக் கீழே நகர்த்திவிட்டு, பிறகுதான் சுத்தியலை வெளியே எடுத்தார். இன்றும் அங்கேதான் நிற்கிறது. அதன்மேல் யாரும் துணி காயப்போடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.