அப்பா அம்மாவுக்கு காது மெஷின் வாங்கப் போறீங்களா? இந்த வரிசைல போங்க

எங்க அப்பாவுக்கு ரெண்டு தடவ காது மெஷின் வாங்கினோம். மொத தடவ வாங்கினது ஒரே மாசத்துல பீரோவுக்குள்ள போயிடுச்சு. ரெண்டாவதா வாங்கினத இப்ப காலைல பல்லு வெளக்கி முடிச்சதும் அவரே எடுத்து மாட்டிக்கறார். ரெண்டுக்கும் வெல கிட்டத்தட்ட ஒண்ணுதான், வாங்கின விதம்தான் வேற. ரெண்டாவது தடவ என்ன செஞ்சோமோ அத அப்படியே வரிசையா எழுதறேன்.

1. மொதல்ல இ.என்.டி. டாக்டர், அப்புறம்தான் கடை

குறும்பி அடைச்சிருந்தாலே காது மந்தமா இருக்கும், அத எடுத்தாலே சிலருக்கு சரியாயிடும். சீழ் வடியறது, செவிப்பறைல ஓட்டை இதெல்லாம் மருந்துலயோ ஆபரேஷன்லயோ பாக்க வேண்டிய விஷயம். இன்னொண்ணு ரொம்ப முக்கியம்: நேத்து வரைக்கும் நல்லா கேட்ட காது திடீர்னு கேக்கலன்னா, அதுவும் ஒரு பக்கம் மட்டும்னா, அது எமர்ஜென்சி. ஸ்டீராய்டு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறாங்களோ அவ்வளவு நல்லது, அதனால வீட்ல எண்ணெய் காய்ச்சி ஊத்திட்டு நாலு நாள் பாக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க.

2. ஆடியோகிராம் எடுங்க, அத புரிஞ்சுக்கோங்க

சத்தம் வராத ரூம்ல உக்கார வச்சு ஹெட்ஃபோன் மாட்டி, சின்னச் சின்ன சத்தம் கேக்கறப்ப பட்டன அமுக்கச் சொல்வாங்க. ரிப்போர்ட்ல செவப்பு வட்டம் வலது காது, நீல பெருக்கல் குறி இடது காது. குறி கீழ இறங்க இறங்க கேக்கற சக்தி கம்மின்னு அர்த்தம். இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம் போகப் போக, 250 ஹெர்ட்ஸ் கட்டைக் குரல்லேர்ந்து 8000 ஹெர்ட்ஸ் கீச்சுக் குரல் வரைக்கும் வரும்.

எங்க அப்பாவோட கோடு இடப்பக்கம் ஓரளவு மேலயே இருந்து, வலப்பக்கம் படிக்கட்டுல உருள்ற மாதிரி கீழ போயிருந்துச்சு. வயசானவங்க நெறைய பேருக்கு இப்படித்தான். "கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல"ன்னு அவர் வருஷக்கணக்கா சொன்னதுக்கு அர்த்தம் எனக்கு அன்னிக்குத்தான் வெளங்குச்சு. அ, ஆ, ஓ மாதிரி உயிரெழுத்துக்கு ஓசை ஜாஸ்தி, அது காதுல விழுந்துடும். க, ச, த, ப எல்லாம் மெல்லிசு, அது நழுவிடும். அதனால நாம "கல்லு"ன்னா அவருக்கு "பல்லு"ன்னு விழும், நாம எவ்வளவு கத்தினாலும் அது மாறாது. இத்தன நாள் அவர்கிட்ட எரிஞ்சு விழுந்தத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

வார்த்தைய சொல்லி திருப்பிச் சொல்லச் சொல்ற டெஸ்டும் இருக்கு, அத தமிழ்லயே எடுக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட் உங்க கைல இருக்கட்டும்.

3. ஆள தேர்ந்தெடுங்க

இதுலதான் நாங்க மொத தடவ ஏமாந்தோம். ஒரு கடைல மெஷின மாட்டி "கேக்குதா"ன்னாங்க, அப்பா தலையாட்டினார், பில் போட்டாச்சு. மெஷின்ங்கறது பாதிதான், அத அந்த காதுக்கு ஏத்த மாதிரி ட்யூன் பண்றவங்க மீதி. ஆடியாலஜி (காது கேக்கறது பத்தின படிப்பு) படிச்சு, ஆர்.சி.ஐ.ல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு பண்ணவங்களான்னு தயங்காம கேளுங்க. காதுக்குள்ள மெல்லிசு ட்யூப் விட்டு, மெஷினோட சத்தம் செவிப்பறை கிட்ட எவ்வளவு வருதுன்னு அளக்கற 'ரியல் இயர்' டெஸ்ட் இருக்கான்னும் கேளுங்க, இருந்தா அந்த எடத்துக்கே போங்க.

4. மாடல்

வெளிய தெரியக் கூடாதுன்னு நாங்க மொதல்ல வாங்கினது காதுக்குள்ளயே மறையற குட்டி மாடல். அதோட பேட்டரி மஞ்சள் ஸ்டிக்கர் போட்ட 10ம் நம்பர், ஒரு மொளகு சைஸ்தான். அப்பாவுக்கு கை நடுக்கம் வேற. பேட்டரி கீழ விழும், தேடுவோம், அப்புறம் அவரே "வேணாம் விடு"ன்னுட்டார். அதனால கண்ணாடில எப்படித் தெரியும்னு பாக்கறதுக்கு முன்னாடி, கை வெரலுக்கு வசதியான்னு பாருங்க. காதுக்குப் பின்னாடி மாட்டறதுல ஆரஞ்சு ஸ்டிக்கர் 13ம் நம்பர், நீல ஸ்டிக்கர் 675 எல்லாம் பிடிக்க வசதி, இல்லன்னா ராத்திரி சார்ஜ் போடற மாடல் வாங்கிடுங்க. ரொம்ப கேக்காதவங்களுக்கு காதோட அச்சு எடுத்து செய்யற மோல்டு வேணும். ரெண்டு காதும் மந்தம்னா ரெண்டுக்கும் போடறது நல்லது, அப்பத்தான் சத்தம் எந்தப் பக்கம்னு புடிபடும். சேனல் (சத்தத்த எத்தன பகுதியா பிரிச்சு ட்யூன் பண்ணலாம்ங்கறது) எண்ணிக்கைய மட்டும் பாத்து கூட காசு குடுக்காதீங்க.

5. ட்ரையல்

ஏசி ரூம்ல எல்லா மெஷினும் நல்லாத்தான் இருக்கும். மாட்டிட்டு ரோட்டுக்கு வாங்க, டீக்கடை பக்கத்துல நின்னு பேசுங்க, முதுகுக்குப் பின்னாடிலேர்ந்து கூப்பிடுங்க. வீட்ல மெதுவா பேசற ஆள கூட்டிட்டுப் போங்க, எங்க வீட்ல அது அம்மா.

6. காசு

சொல்ற வெல ஒரு காதுக்கா ரெண்டுக்குமான்னு கேளுங்க. காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லுல போட்டிருந்தா கேள்வி கேளுங்க. மோல்டு, வாரண்டி, எத்தன தடவ ட்யூனிங் ஃப்ரீ எல்லாம் எழுத்துல வாங்கிக்கோங்க. ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு வர்றது வெறும் ஆம்ப்ளிஃபயர், எல்லா சத்தத்தையும் ஒண்ணா ஏத்தி விட்டுடும், மிச்சம் இருக்கற கேக்கற சக்திக்கும் ஆபத்து.

வசதி இல்லாதவங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க, தமிழ்நாட்டுல காதுக்குப் பின்னாடி மாட்டற மெஷின் இலவசமா தர்றாங்க. அதுக்கு மாற்றுத்திறனாளி சான்று வேணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ரெண்டு காதுலயும் 60 டெசிபெல்லுக்கு மேல இழப்பு இருந்தா அந்தக் கணக்குல வரும்.

7. மொத மாசம்

மாட்டின அன்னிக்கே எல்லாம் சரியாகாது. தன் கொரலே பானைக்குள்ள பேசற மாதிரி இருக்கும், ஃபேன் சத்தம், பேப்பர் மடிக்கற சத்தம்கூட எரிச்சலாகும், ஏன்னா மூளை அதெல்லாம் கேட்டு பல வருஷம் ஆச்சு. மொத வாரம் வீட்டுக்குள்ள ஒண்ணு ரெண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. எப்ப தொந்தரவு, யார் பேசினா புரியலன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. நாங்க அந்த நோட்டோட மூணு தடவ ட்யூனிங் போனோம், மூணாவது தடவைக்கு அப்புறம்தான் அப்பாவுக்கு அம்மா சமையக்கட்டுலேர்ந்து கூப்பிட்டது கேட்டுச்சு.

குளிக்கறப்ப கழட்டிடணும். நம்மூர் வேர்வைக்கு ராத்திரி பேட்டரி மூடிய தெறந்து சிலிக்கா ஜெல் டப்பாக்குள்ள வைங்க. புது பேட்டரில ஸ்டிக்கர உரிச்சதும் ஒரு நிமிஷம் காத்தாட விட்டு அப்புறம் போடுங்க. பேரன் பேத்தி கைக்கு எட்டாம வைங்க, முழுங்கிட்டா உடனே ஆஸ்பத்திரி. கீச்னு விசில் அடிச்சா மெஷின் கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க, பெரும்பாலும் மோல்டு சரியா உக்காரல இல்ல காதுல குறும்பி சேந்திருக்கு, ரெண்டையும் பாத்துட்டு அப்புறம் சர்வீசுக்கு கொண்டு போங்க.