காற்று கொண்டுபோகும் முன்: கடலோர வீடுகளில் பிளாஸ்டிக்கைக் குறைக்கும் முறை

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கங்களில் சீமைக்கருவேல முள்ளில் கேரிப்பைகள் கிழிந்து தொங்குவதைக் காணலாம். முள்ளில் சிக்காதவை மழை வெள்ளத்தோடு கடலுக்குச் செல்கின்றன. மிதக்கும் பையைச் சொறிமீன் (ஜெல்லி மீன்) என்று எண்ணி ஆமைகள் விழுங்குகின்றன. ஆகவே காற்று ஓயாத இக்கரையில் வீட்டுக்கு முதல் தேவை, மூடியுள்ள தொட்டி அல்லது வாய் கட்டிய சாக்கு.

அதைவிட மேலானது, பையை வீட்டுக்குள் வரவிடாமல் இருப்பது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனுள்ள பிளாஸ்டிக் கேரிப்பைக்கும் தடை உண்டு. ஆயினும் மீன் வாங்கும் இடத்தில் அது இன்னும் புழங்குகிறது. இரத்தமும் செதிலும் ஒட்டிய அந்தப் பையைப் பழைய பொருள் கடைக்காரர் வாங்க மாட்டார். தெருநாய்தான் இழுத்துப் போகும். எனவே மீனுக்கு மூடியுள்ள தூக்குவாளியையும், கருவாட்டுக்குப் பனையோலைப் பெட்டியையும் கொண்டு செல்லுங்கள். எடை போட்டு விற்பவரிடம் வெறும் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்துக் கழிக்கச் சொல்லலாம். கூறு வைத்து விற்பவரிடம் அந்தச் சிக்கலே இல்லை.

பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலைத் துண்டைத் தனியாகப் பிரிக்காமல் ஒட்டியபடியே விடுங்கள். உதிர்ந்த துண்டை யாரும் பொறுக்கிச் சேர்ப்பதில்லை. குடிநீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊரில் பாக்கெட் கழுவ நல்ல தண்ணீரைச் செலவிட வேண்டியதில்லை. அரிசி கழுவிய தண்ணீரில் அலசிக் கொடியில் கிளிப் போட்டு உலர்த்தினால், இங்குள்ள வெயிலுக்கு விரைவில் காய்ந்துவிடும். காய்ந்தவற்றோடு தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், உடைந்த குடம் ஆகியவற்றைச் சாக்கில் சேர்த்து எடைக்குப் போடலாம். உட்புறம் வெள்ளி போல மின்னும் சிப்ஸ் உறைகள் பல அடுக்குகளை ஒட்டிச் செய்யப்பட்டவை என்பதால் பெரும்பாலும் விலை போகாது. அவற்றை ஈரம் படாமல் தனியே கட்டித் தூய்மைக் காவலரிடம் கொடுப்பதே வழி.

விறகடுப்பைப் பற்றவைக்கக் கவரைக் கொளுத்தும் பழக்கத்தை அறவே விட வேண்டும். பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை கலந்திருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் ஆகிய நச்சுப் பொருள்கள் வெளிப்படும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அடுப்படியில் நிற்பவர்தான். பன்னாடையும் காய்ந்த பனையோலையும் கிடைக்கும் ஊரில் அதற்குத் தேவையும் இல்லை.

மீனவர் வீடுகளில் வலை தைக்கும்போது விழும் நைலான் துண்டுகளுக்கெனத் திண்ணையிலேயே ஒரு பை தொங்கட்டும். கடலில் விழுந்த நைலான் வலை அடியில் தங்கி, ஆளில்லாமலேயே நண்டையும் மீனையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். வலையும் மிதக்கும் கயிறும் வெவ்வேறு பிளாஸ்டிக் என்பதால் இரண்டையும் பிரித்தே விற்க வேண்டும். பழைய வலையைத் தோட்டத்துக்கு வேலியாகக் கட்டுவது நல்லதே. ஆனால் வெயிலில் நைந்து இழை உதிரத் தொடங்கியதும் அவிழ்த்து எடைக்குப் போட்டுவிடுங்கள்.