பி.ஜி.சி.இ.க்கு விண்ணப்பிக்கிறீர்களா? பதற்றம் எங்கே வரும், எப்படிக் குறைப்பது

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் வந்துவிட்டால், இங்கிலாந்தில் பி.ஜி.சி.இ. என்ற ஒரு வருட ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்கள் சிலராவது என்னிடம் வந்துவிடுவார்கள். ஐ.டி.யிலும் அக்கவுன்ட்ஸிலும் சில வருடம் வேலை பார்த்துவிட்டு மனசு பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியவர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் அம்மாக்கள், யூனிவர்சிட்டி கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளைகள். எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பெர்சனல் ஸ்டேட்மென்ட் எழுதியிருக்கேன், கொஞ்சம் பாக்கறீங்களா?" ஏன் ஆசிரியராக வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதும் அந்தக் கடிதத்தை நினைத்துத்தான் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை ஆளைக் கவிழ்ப்பது அது இல்லை. நேரத்துக்கு வராத சான்றிதழ்களும், பதில் வராத வாரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதும்தான். அதனால் அந்த இரண்டையும் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். இது முழுக்க இங்கிலாந்து முறை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வழிகள் வேறு.

முதலில், உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள்

ஊரில் பி.எட். முடித்துப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் பலர், மறுபடி முதலிலிருந்து படித்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவில் தகுதி பெற்ற ஆசிரியர்கள் நேராகவே கியூ.டி.எஸ். என்ற இங்கிலாந்து ஆசிரியர் தகுதியைக் கேட்டு விண்ணப்பிக்கும் வழி 2023 பிப்ரவரியில் திறந்தது. எல்லாப் பாடத்துக்கும் இல்லை, கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களைக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கு. அந்தப் பட்டியலில் நீங்கள் வருகிறீர்கள் என்றால் ஒரு வருடப் படிப்பும் அதன் கட்டணமும் மிச்சம். அரசின் இணையதளத்திலேயே சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்த்துவிடலாம், அதைச் செய்யாமல் இதில் இறங்காதீர்கள்.

கியூ.டி.எஸ். என்பது ஆசிரியராக வேலை செய்வதற்கான தகுதி, பி.ஜி.சி.இ. என்பது அதோடு சேர்ந்து வரும் கல்வித் தகுதி. இங்கிலாந்துப் பள்ளிகளில் பாடம் நடத்த முதலாவது போதும். பின்னால் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை தேடும் எண்ணம் இருந்தால் இரண்டாவதும் கையில் இருப்பது நல்லது. யூனிவர்சிட்டி வழியாகப் போனாலும், பள்ளிகள் சேர்ந்து நடத்தும் ஸ்கிட் வழியாகப் போனாலும் குறைந்தது 120 நாட்கள் பள்ளியில்தான் இருப்பீர்கள். ஆகவே எது உயர்ந்தது என்று வாட்ஸ்ஆப் குரூப்பில் நடக்கும் சண்டையை விட்டுத்தள்ளுங்கள். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தைப் பாருங்கள், பள்ளிகளை எந்தப் பகுதியில் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு காலை ஏழரைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில் பயிற்சி கிடைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

காகிதங்கள்: இதைக் கோடையிலேயே முடியுங்கள்

ஜி.சி.எஸ்.இ. என்ற பள்ளித் தேர்வில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 4ஆம் கிரேடு அல்லது பழைய முறையில் சி வேண்டும், பிரைமரி என்றால் அறிவியலிலும். இங்கே படித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை, அந்தச் சான்றிதழ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடுவதைத் தவிர. ஊரில் படித்தவர்கள் யு.கே. எனிக் அமைப்பிடம் டிகிரிக்கும் பத்தாம் வகுப்பு அல்லது இலங்கை ஓ.எல். மதிப்பெண்ணுக்கும் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். ஆங்கிலத்துக்கோ கணிதத்துக்கோ அது போதாது என்று சொன்னால் அதற்கு ஈடான தேர்வு எழுதலாம். ஆனால் எந்தத் தேர்வை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது பயிற்சி நடத்துபவரைப் பொறுத்தது, ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் ஈமெயிலில் கேட்டு, வந்த பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் பெயர். இது நமக்கே உரிய தலைவலி. மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் சர்நேமாக உட்கார்ந்திருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த விசாவில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியாது. திருமணச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், பெயர் மாற்றியதற்கான ஆவணம் எது இருந்தாலும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். கூடவே, இனிஷியல் என்றால் என்ன, உங்கள் விஷயத்தில் அது எப்படி விரிகிறது என்று நாலு வரியில் விளக்கி ஒரு கடிதமும் எழுதி வையுங்கள். அந்தக் கடிதம் பல இடத்தில் உதவும். போலீஸ் சரிபார்ப்புக்கும்தான், ஏனென்றால் வெளிநாட்டில் இருந்தவர்களிடம் இங்கே எடுக்கும் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சான்று மட்டுமல்லாமல் அந்த நாட்டுச் சான்றும் கேட்பார்கள்.

பள்ளிக்குள் போய் உட்காருங்கள்

விண்ணப்பத்துக்கு இது கட்டாயம் இல்லை என்று சொல்வார்கள். கட்டாயமோ இல்லையோ, பதற்றத்தைக் குறைக்க இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் கேளுங்கள், அல்லது கெட் இன்டு டீச்சிங் என்ற அரசு சேவை மூலம் இடம் தேடுங்கள். அந்தச் சேவையில் ஆலோசகர்களும் உண்டு, முன்னாள் ஆசிரியர்கள், பணம் எதுவும் கிடையாது. நம்மவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு அவர்களைக் கூப்பிடுவதே இல்லை.

போனால் சும்மா உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். ஒரு குழந்தை தப்பாகச் சொல்லும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்கிறான். டீச்சர் "தப்பு" என்று சொல்லவில்லை. ஒரே நீளத்தில் இரண்டு பட்டைகள் வரைந்து, ஒன்றில் பாதியையும் இன்னொன்றில் ஐந்தில் இரண்டையும் அவனையே நிழலிடச் சொல்கிறார். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு விடை எப்படி அரையைவிடச் சின்னதாச்சு என்று அவனே முழிக்கிறான். இந்த மாதிரி ஒன்றைக் கண்ணால் பார்த்து, அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தால், பெர்சனல் ஸ்டேட்மென்டில் பாதி முடிந்த மாதிரி. குழந்தைகள் பெயரையும் பள்ளியின் பெயரையும் மட்டும் எழுதாதீர்கள்.

ஸ்டேட்மென்ட்

அதிகபட்சம் 1000 வார்த்தை. "சின்ன வயதிலிருந்தே ஆசிரியராக வேண்டும் என்பது என் கனவு" என்று ஆரம்பிக்கும் கடிதத்தைப் படிப்பவர் அன்றைக்கே இன்னும் பத்து தடவை படித்திருப்பார். "எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்" என்பதும் அப்படித்தான். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்து உங்களைத் தனியாக அடையாளம் காண முடியாது. அதற்குப் பதில் மேலே சொன்ன அந்தப் பின்னக் கணக்கு மாதிரி நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து கற்பித்தல் பற்றி என்ன புரிந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளியில் வகுப்பெடுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதை விண்ணப்பத்தில் எழுதவே மாட்டார்கள். "அது சும்மா வாலன்டியர் வேலைதானே" என்பார்கள். வீட்டில் ஆங்கிலமே பேசும் எட்டு வயதுப் பிள்ளைகளையும், போன மாதம் ஊரிலிருந்து வந்த பிள்ளையையும் ஒரே வகுப்பில் வைத்துக்கொண்டு உயிர்மெய் எழுத்து சொல்லிக்கொடுப்பது சும்மா வேலையா? வெவ்வேறு நிலையில் இருக்கும் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதுதான் இன்டர்வியூவில் நிச்சயம் வரும் கேள்வி. நீங்கள் அதற்கான பதிலை வாராவாரம் செய்துகொண்டிருக்கிறீர்கள். எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் இரண்டே பேரிடம் காட்டுங்கள், ஒருவர் ஆசிரியர், இன்னொருவர் உங்களை நன்றாகத் தெரிந்தவர். ஐந்தாறு பேரிடம் கொடுத்தால் ஐந்தாறு விதமாகத் திருத்துவார்கள், கடைசியில் அது யாருடைய கடிதம் என்றே தெரியாது, பதற்றம்தான் கூடும்.

அனுப்பிய பிறகு

ஒரே நேரத்தில் நான்கு படிப்புகள் வரை விண்ணப்பம் நிலுவையில் வைத்திருக்கலாம். கட்டணம் இல்லை. ஒன்றில் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அந்த இடத்தில் இன்னொன்று போடலாம். யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் போன பழைய காலத்துக் கதைகளைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள், 2022இல் தொடங்கிய படிப்புகளிலிருந்து இது கல்வித் துறையின் சொந்தச் சேவைக்கு மாறிவிட்டது. நான் சொல்வது இதுதான்: முதலில் இரண்டு அனுப்புங்கள், இரண்டைக் கையில் வையுங்கள். முதல் பதில் 'இல்லை' என்று வந்தால் பெரும்பாலும் காரணமும் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து ஸ்டேட்மென்டைத் திருத்தி அடுத்ததை அனுப்பலாம். நான்கையும் ஒரே ராத்திரியில் அனுப்பிவிட்டால் ஒரே குறை நான்கு இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இந்த வழி இலையுதிர் காலத்தில் விண்ணப்பிக்கத் தொடங்குபவர்களுக்குத்தான். ஈஸ்டருக்குப் பிறகு வருகிறீர்கள் என்றால் பிரைமரி, வரலாறு, உடற்கல்வி மாதிரி சீக்கிரம் நிரம்பும் படிப்புகளில் நான்கையும் உடனே போட்டுவிடுவதே மேல்.

அடுத்து வருவது காத்திருப்பு. 30 வேலை நாட்கள் தாண்டியும் பதில் இல்லை என்றால் அந்த விண்ணப்பத்தை வைத்துக்கொண்டே இன்னொரு இடத்துக்கு அனுப்பலாம். வேலை நாட்கள் என்பதைக் கவனியுங்கள், கிறிஸ்துமஸ் விடுமுறையைச் சேர்த்தால் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். இதில் பலர் ஒரு நாளைக்கு இருபது தடவை ஈமெயிலைத் திறந்து பார்க்கிறார்கள், பதில் வராத ஒவ்வொரு நாளும் தன்னை வேண்டாம் என்று சொன்ன மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும், விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டியவர் அந்த வாரம் பயிற்சி மாணவர்களைப் பார்க்கப் பள்ளிப் பள்ளியாக அலைந்துகொண்டிருப்பார், அவ்வளவுதான். 30ஆவது வேலை நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு, ஈமெயிலுக்கு மாலையில் ஒரு நேரம் வையுங்கள். அதற்கு நடுவில் இன்டர்வியூவுக்குத் தயாராவது உருப்படியான வேலை.

வீட்டு ஆட்கள் விஷயம். "என்ன, கிடைச்சுதா?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை போனிலும் கேட்பார்கள், அக்கறையில்தான் கேட்கிறார்கள், ஆனால் கேட்கக் கேட்க நெஞ்சு அடைக்கும். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு டீச்சர் வேலைக்கா என்ற பேச்சும் கூடவே வரும். விண்ணப்பித்த விஷயத்தை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கணவரோ மனைவியோ, கூடப் பிறந்தவரோ, ஒருவருக்குச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு ஆஃபர் வந்த பிறகு சொல்லலாம். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், ஜி.பி.யிடம் போங்கள். மனநலச் சிகிச்சை எடுத்தால் ஆசிரியராக முடியாது என்று நம்மிடையே ஒரு பயம் இருக்கிறது, அது உண்மை இல்லை. உடல்நலமோ மனநலமோ நீண்டகாலப் பிரச்சினையாக இருந்தால் இன்டர்வியூவுக்கே கூடுதல் நேரம், தனி அறை போன்ற வசதி கேட்க 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் இடம் உண்டு, விண்ணப்பத்திலும் அதற்கு ஒரு பகுதி இருக்கிறது.

இன்டர்வியூ

அரை நாளோ முழு நாளோ போகும். சின்னப் பாடம் நடத்தச் சொல்வார்கள், பத்து முதல் இருபது நிமிடம், பிள்ளைகளுக்கு முன்னாலோ மற்ற விண்ணப்பதாரர்களுக்கு முன்னாலோ. நம்மவர்கள் செய்வது, பதினைந்து நிமிடத்தில் ஒரு மாதப் பாடத்தைக் கொட்டிவிடுவது. ஒரே ஒரு விஷயம் எடுங்கள். முதல் மூன்று நிமிடத்தில் அவர்களைப் பேச விடுங்கள், கடைசி இரண்டு நிமிடத்தில் புரிந்ததா என்று ஒரு கேள்வியால் சோதியுங்கள். பவர்பாயின்ட் வேலை செய்யாமல் போகலாம், போர்டில் எழுதியே நடத்தும் அளவுக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "மறுபடி நடத்தினால் என்ன மாற்றுவீர்கள்?" என்று கேட்பார்கள். "எல்லாம் நன்றாகப் போனது" என்று சொல்லிவிடாதீர்கள், அவர்கள் பாடத்தைவிட இந்தப் பதிலைத்தான் உன்னிப்பாகக் கவனிப்பார்கள்.

குழந்தைப் பாதுகாப்பு பற்றிய கேள்வி தவறாமல் வரும். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, யாரிடமும் சொல்லாதீங்க என்று ஒன்றைச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, நீங்களே துருவி விசாரிக்கவும் கூடாது, சொன்னதைச் சொன்னபடி குறித்து, பள்ளியில் அதற்கென்று இருக்கும் பொறுப்பாளரிடம் உடனே சொல்ல வேண்டும். கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன் என்ற அரசு வழிகாட்டியின் முதல் பகுதியை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள்.

பணம், அப்புறம் ஆஃபருக்குப் பிறகு

கட்டணம் 2025–26இல் உள்நாட்டு மாணவர்களுக்கு அதிகபட்சம் 9,535 பவுண்டு, அதற்குக் கடன் எடுக்கலாம். பர்சரி என்ற உதவித்தொகை பாடத்துக்குப் பாடம் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும்: அதே வருடம் கணிதத்துக்கு 29,000 பவுண்டு, பிரைமரிக்கு ஒன்றுமே இல்லை. நிரந்தர வதிவிடம் இல்லாதவர்களுக்கு விதிகள் வேறு, உங்கள் விசாவின் பெயரைக் குறிப்பிட்டு, கட்டணம் எந்த வகையில் வரும், பர்சரி உண்டா என்று ஆஃபரை ஏற்பதற்கு முன்னால் எழுத்தில் கேளுங்கள்.

ஆஃபரை ஏற்ற பிறகுதான் ரெஃபரன்ஸ் கேட்பார்கள். உங்களைப் பற்றி அதை எழுதிக்கொடுக்கப்போகும் இரண்டு பேரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஊரில் இருக்கும் பேராசிரியர் என்றால் காலேஜ் ஈமெயில் முகவரி அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள், சொந்த ஜிமெயிலிலிருந்து வந்தால் ஏற்காமல் போகலாம். ஆஃபர் நிபந்தனையோடுதான் வரும்: டி.பி.எஸ்., உடல்நலக் கேள்விகள், சான்றிதழ்களின் அசல், சில பாடங்களுக்குக் கோடையில் ஒரு பாட அறிவுப் படிப்பு. ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் என்ன, யாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். வெளிநாட்டுப் போலீஸ் சான்றுதான் எப்போதும் கடைசியில் வந்து சேரும், அதை முதலில் கிளப்புங்கள்.